தனிச்சுழிக்குப் போகாத கோடு: சார்லஸ் விதிச் சோதனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலோர ஊர் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில், பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு மாணவர் ஐவர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சார்லஸ் விதியைச் செய்து காட்ட முன்வந்தனர். அழுத்தம் மாறாதிருக்கையில், குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் கனஅளவு அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. செல்சியஸ் அளவில் சொல்வதானால், வாயு 0 டிகிரியில் கொண்டிருக்கும் கனஅளவில் ஏறத்தாழ 273-இல் ஒரு பங்கு, ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் கூடும், இறக்கத்துக்குக் குறையும். ஆகவே கனஅளவை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, கிடைக்கும் நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அது −273 டிகிரிக்கு அருகே வெப்பநிலை அச்சைத் தொட வேண்டும். கணக்குப்படி கனஅளவு சுழியாகும் அந்த வெப்பநிலையே தனிச்சுழி. வகுப்பறையில் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்துவிட்ட இந்தக் கோட்டைத் தங்கள் கையால் அளந்து வரைய வேண்டும் என்பதே அவர்களது விருப்பம். மதிப்பெண் ஏதும் இல்லாத வேலை இது.

அவர்களுக்கு வழிகாட்டிய வேதியியல் ஆசிரியர் நான். சோதனைக்கான கருவி எளியது. ஒரு முனை உருக்கி மூடப்பட்ட கண்ணாடி நுண்குழாய் ஒன்று. அதற்குள் ஒரு சிறிய திரவ இழை. இழைக்கும் மூடிய முனைக்கும் நடுவே சிறைப்பட்ட காற்று. குழாயை அளவுகோலோடு சேர்த்துக் கட்டி, திறந்த முனை மேலே இருக்குமாறு வெந்நீரில் நிறுத்தினால், காற்று விரியும்போது இழை மேலேறும். துளையின் விட்டம் சீராக இருப்பதால், காற்றுத் தம்பத்தின் நீளத்தையே கனஅளவாகக் கொள்ளலாம். மேல் முனை திறந்திருப்பதால், உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தமாகவே நிற்கும்.

பழைய முறைப்படி இழைக்குப் பாதரசம் பயன்படுத்த வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் வெப்பநிலைமானி ஒன்று உடைந்து, மேசைப் பலகையின் இடுக்குகளுக்குள் பாதரச மணிகள் ஓடி, அவற்றைப் பொறுக்கி எடுக்க அரை நாள் ஆனது. அதன் பிறகு பள்ளியில் பாதரசத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். "பாதரசத்துக்குப் பதிலா ஒரு சொட்டு சிவப்பு மை கலந்த தண்ணி வச்சுக்கோங்க" என்று நான்தான் சொன்னேன். பாதரசத்தை விலக்கியதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. ஆனால் அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

முதல் அளவீடு

ஆய்வக உதவியாளர் சுமார் 25 செ.மீ. நீளமும் 1 மி.மீ. துளையும் உள்ள குழாய் ஒன்றின் முனையைச் சுடரில் உருக்கி மூடிக் கொடுத்தார். மாணவர்கள் குழாயை நன்றாகச் சூடாக்கி, திறந்த முனையை மை கலந்த நீரில் அமிழ்த்தி ஆறவிட்டனர். உள்ளிருந்த காற்று சுருங்கியபோது 10 மி.மீ. அளவு நீர் இழை உள்ளே ஏறியது. குழாயை 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோலில் ரப்பர் வளையங்களால் இணைத்து, ஒரு லிட்டர் அளவு ஜாடிக்குள் இறக்கினர். நீரின் வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் இழையின் கீழ்முனை நின்ற இடத்தை அளவுகோலின் மீது மார்க்கர் பேனாவால் புள்ளியிட்டனர். அந்த மார்க்கர் புள்ளிகள் பின்னால் முக்கியமாயின.

30 டிகிரியில் காற்றுத் தம்பத்தின் நீளம் 96 மி.மீ. 40-இல் 102, 50-இல் 111, 60-இல் 124, 70-இல் 143. விதிப்படி 96 மி.மீ. தம்பம் 40 டிகிரி ஏற்றத்துக்கு ஏறத்தாழ 13 மி.மீ. நீண்டு 109-இல் நின்றிருக்க வேண்டும். இங்கே அது 47 மி.மீ. நீண்டிருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் கூடிய அளவு 6, 9, 13, 19 என்று ஏறிக்கொண்டே போனதாகும். புள்ளிகள் நேர்கோட்டில் இல்லை. மேல்நோக்கி வளைந்து ஓடின.

திருத்தி எழுதப்பட்ட அட்டவணை

இந்த எண்களை நான் அன்று பார்க்கவில்லை. மறுநாள் என் கைக்கு வந்தது, வண்ணப் பேனாக்களால் அழகாக எழுதப்பட்ட சார்ட் பேப்பர். அதில் நீளங்கள் 96, 99, 102, 106, 109 என்றிருந்தன. கோடு பிசகாமல் −273-இல் அச்சைத் தொட்டது. "மிஸ், கரெக்டா வந்துடுச்சு" என்றார்கள்.

கண்ணாடிக் குழாயையும் பிளாஸ்டிக் அளவுகோலையும் வைத்து, ஒரு டிகிரி வரை மட்டுமே படிக்கத்தக்க வெப்பநிலைமானியைக் கொண்டு, பிளஸ் ஒன் மாணவர்கள் முதல் முயற்சியிலேயே −273 பெறுவது நடக்காத காரியம் அன்று என்றாலும், நம்புவதற்குக் கடினமானது. நான் அளவுகோலைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் இருந்த கறுப்புப் புள்ளிகளில் கடைசிப் புள்ளி 143-இல் இருந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி, "பாயிண்ட் எல்லாம் மேல ஓடுது மிஸ். நாங்கதான் எங்கேயோ தப்பா பார்த்திருப்போம்னு நெனச்சோம்" என்றாள். 96-ஐ, 30 டிகிரியின் கெல்வின் அளவான 303-ஆல் வகுத்து, ஒரு டிகிரிக்கு 0.317 மி.மீ. என்று கண்டு, அதிலிருந்து மற்ற நீளங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டிருந்தார்கள். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

இதில் எடுக்க வேண்டிய முதல் முடிவு, அவர்களைக் கண்டிப்பதா என்பது. கண்டிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் இரக்கம் அன்று. டைட்ரேஷன் வகுப்பில் பக்கத்து மேசையின் பியூரெட் அளவை எட்டிப் பார்த்துத் தம் அளவை அதற்கு ஒத்துப்போகச் செய்யும் வழக்கம் எந்தப் பள்ளியிலும் உண்டு. 'சரியான விடை' வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டு, வராவிட்டால் 'மறுபடியும் செய்' என்று அனுப்பும் நாங்கள்தான் அந்த வழக்கத்தை வளர்த்தோம். எனவே சார்ட்டைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த முதல் அளவுகளைத் தேடி எடுக்கச் சொன்னேன். அவர்கள் அவற்றைக் கிழித்து எறிந்திருக்கவில்லை.

பிறகு அந்த ஐந்து புள்ளிகளை வரைபடத் தாளில் இட்டு, எந்தக் கோடு வருகிறதோ அதை வரையுமாறு சொன்னேன். ஐந்துக்கும் நடுவே போகும் நேர்கோடு −49 டிகிரியில் அச்சைத் தொட்டது. முதல் இரு புள்ளிகளை மட்டும் இணைத்து நீட்டினால் −130. கடைசி இரண்டை இணைத்தால் −5. "அப்படின்னா வீட்டு ஃப்ரீசர்ல காத்தே இருக்காதே" என்று ஒரு பையன் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு அறையின் இறுக்கமும் போயிற்று. ஒரே ஐந்து புள்ளிகளிலிருந்து மூன்று வெவ்வேறு தனிச்சுழிகள் கிடைக்கின்றன என்றால், குழாய்க்குள் விரிந்தது காற்று மட்டும் அன்று என்பதுதான் பொருள். ஆனால் அதை நான் அப்போது சொல்லவில்லை. எனக்கே அது முழுமையாகத் தெளிந்திருக்கவில்லை.

காரணம் தேடிய விதம்

முதலில் நாங்கள் ஐயுற்றது வெப்பநிலையை. உயரமான ஜாடியில் வெந்நீர் ஊற்றினால் மேல்பகுதி சூடாகவும் அடிப்பகுதி குறைந்த சூட்டிலும் நிற்கும். வெப்பநிலைமானியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்ததில், கலக்காத நீரில் மூன்று நான்கு டிகிரி வேறுபாடு இருந்தது. வளைந்த கம்பி ஒன்றைக் கலக்கியாக வைத்துக்கொண்டோம். அளவுகள் கொஞ்சம் ஒழுங்குபட்டனவே தவிர, வளைவு அப்படியே இருந்தது.

கண்ணாடி விரிவதைப் பற்றியும் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் கண்ணாடியின் கன விரிவு காற்றின் விரிவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் தம்பத்தின் நீளத்தைக் குறைத்துக் காட்டுமே ஒழியக் கூட்டிக் காட்டாது.

இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டபோது அவர் கசிவு என்றார். உருக்கி மூடிய முனையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம், அல்லது இழையின் ஓரமாகக் காற்று உள்ளே புகலாம் என்பது அவர் எண்ணம். இதைச் சோதிக்க ஒரு நேரடி வழி இருந்தது. வெளிக்காற்று உள்ளே புகுந்திருந்தால், குழாயைப் பழைய வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகும் அது உள்ளேயே இருக்கும்; தம்பம் பழைய நீளத்துக்குத் திரும்பாது. எனவே 70 டிகிரி வரை சென்று, பிறகு 30 டிகிரி நீரில் நெடுநேரம் வைத்துப் பார்த்தோம். தம்பம் 96 மி.மீ.-க்கே திரும்பியது. கசிவு இல்லை. சூட்டில் வந்து குளிரில் போய்விடும் ஏதோ ஒன்று உள்ளே இருந்தது.

இரண்டு சிறிய கவனிப்புகள் அதன் பிறகு வழியைத் திறந்தன. ஒன்று தற்செயலானது. 70 டிகிரியில் அளவெடுத்த பிறகு மணி அடித்ததால், வருகைப் பதிவுக்குச் சென்று பத்து நிமிடம் கழித்துத் திரும்பினார்கள். உதவியாளர் அதுவரை வெந்நீர் சேர்த்து வெப்பநிலையைப் பிடித்து வைத்திருந்தார். 143-இல் இருந்த இழை 147-இல் இருந்தது. வெப்பநிலை மாறாதபோது கனஅளவு ஏன் கூட வேண்டும்? காற்று சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம் ஓரிரு நிமிடம்தான். பத்து நிமிடமாக மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தது வேறொன்று.

மற்றொன்று, குழாயை ஆறவிடும்போது ஒரு மாணவி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தது. இழைக்குக் கீழே, காற்று மட்டுமே இருக்க வேண்டிய பகுதியின் உட்சுவரில், பனி படிந்ததுபோல் நுண்ணிய புள்ளிகள் தோன்றின. நான் வாங்கிப் பார்த்தேன். மார்கழிக் காலையில் பேருந்துச் சன்னலில் படிவது போன்ற அதே மங்கல், ஒரு மி.மீ. துளைக்குள்.

குழாயின் உள்ளே ஈரம் இருந்தது; அதைக் கொண்டுவந்தது நான் பரிந்துரைத்த நீர் இழைதான். இழை மேலேறும்போது தன் பின்னால் சுவரில் மெல்லிய ஈரப் படலத்தை விட்டுச் செல்கிறது. அதிலிருந்தும் இழையின் அடிப்பக்கத்திலிருந்தும் நீர் ஆவியாகிக் காற்றோடு சேர்கிறது. டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி, உள்ளே மொத்த அழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதால், நீராவி எவ்வளவு அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு காற்றின் பங்கு குறைகிறது. பங்கு குறைந்த காற்று அதற்கேற்ப விரிந்து இடம் பிடிக்கிறது. நீரின் தெவிட்டிய ஆவியழுத்தம், அதாவது ஒரு வெப்பநிலையில் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தம், 30 டிகிரியில் 32 மி.மீ. பாதரச அளவுதான். 50-இல் அது 92, 60-இல் 149, 70-இல் 234. அதாவது 70 டிகிரியில், 760 மி.மீ. மொத்த அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீராவியே தாங்கி நிற்க முடியும். காற்று விதிப்படி ஒழுங்காக விரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நீராவி சூட்டோடு சூடாகப் பெருகிக்கொண்டிருந்தது. நாங்கள் அளந்தது இரண்டின் கூட்டு.

"தண்ணி கொறஞ்ச மாதிரியே தெரியலையே மிஸ்" என்று ஒரு பையன் விடாமல் கேட்டான். கணக்குப் போட்டோம். 70 டிகிரியில் தெவிட்டிய நீராவி, ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் எடையுள்ளது. 147 மி.மீ. தம்பம் முழுவதையும் நிரப்ப, இழையின் நீளத்தில் வெறும் 0.03 மி.மீ. ஆவியானால் போதும். அளவுகோலில் ஒரு மி.மீ. கோட்டின் தடிப்பை விடவும் மெல்லிய அந்தச் சிறு அளவு, தம்பத்தை 30 மி.மீ.-க்கு மேல் நீட்டியிருந்தது. அந்தப் பையன் இந்தக் கணக்கை இரண்டு முறை தானே போட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். சார்லஸ் 1787 அளவில் இந்த விரிவை ஆராய்ந்தும் வெளியிடவில்லை. 1802-இல் கே-லுசாக் தம் ஆய்வை வெளியிட்டபோது சார்லஸின் பெயரைக் குறிப்பிட்டதால்தான் விதிக்கு அவர் பெயர் நிலைத்தது. தமக்கு முன்னர் அளந்தவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்குக் கருவிகளுக்குள் தங்கியிருந்த ஈரமே காரணம் என்று அந்த ஆய்விலேயே கே-லுசாக் சுட்டியிருந்தார். அப்படியிருந்தும் நீரின் உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை அவர் கண்ட விரிவு 0.375 பங்கு, பிற்காலத்தில் காற்றை இன்னும் கவனமாக உலர்த்தி ருட்பெர்க்கும், அவரைத் தொடர்ந்து மாக்னஸும் ரெனோவும் அளந்தபோது அது 0.366 அருகே இறங்கியது. 0.375 என்றால் தனிச்சுழி −267, 0.366 என்றால் −273. இதை மாணவர்களிடம் சொன்னபோது, தங்கள் பிழை இருநூறு ஆண்டு பழைமையான பிழை என்பதில் அவர்களுக்குச் சற்றுப் பெருமைகூட வந்தது.

கணக்கில் திருத்துவதா, குழாயை மாற்றுவதா

காரணம் தெரிந்த பின், இரண்டு வழிகள் இருந்தன. நீராவியின் பங்கைக் கணக்கில் கழித்து, ஏற்கெனவே எடுத்த அளவுகளைத் திருத்தலாம். அல்லது நீரே இல்லாத குழாயில் மீண்டும் அளக்கலாம். கண்காட்சிக்கு ஒன்பது நாளே இருந்ததால் முதல் வழியை முதலில் முயன்றோம். ஒவ்வொரு நீளத்தையும் 760-இல் ஆவியழுத்தத்தைக் கழித்த மீதியால் பெருக்கி, 760-ஆல் வகுத்தோம். ஊர் கடல் மட்டத்தை ஒட்டியது என்பதால் 760 என்று கொண்டோம்.

கிடைத்த எண்கள் 92.0, 94.6, 97.5, 99.6, 99.0. முதல் மூன்றும் அழகான நேர்கோட்டில் வந்தன. அவற்றை நீட்டினால் −304. ஆனால் கடைசி இரண்டும் கோட்டுக்குக் கீழே சரிந்தன. 70 டிகிரியில் காற்று சுருங்கியதுபோலவே தோன்றியது. இது திருத்தத்தின் குற்றம். உள்ளே நீராவி முழுமையாகத் தெவிட்டியிருந்தது என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது; ஆனால் குறுகிய குழாயில், 14 செ.மீ. தொலைவுக்கு, ஆவி ஊடுருவிப் பரவப் பல நிமிடங்கள் தேவை. அதுவரை காத்திருக்காமல் அளவெடுத்ததால், இல்லாத நீராவியையும் சேர்த்துக் கழித்திருந்தோம். பத்து நிமிடத்தில் 143 ஏன் 147 ஆனது என்பதற்கும் இதுவே விடை.

இந்த நிலையில் திருத்தத்தைக் கைவிட்டோம். எவ்வளவு ஆவி உள்ளே இருந்தது என்று நமக்குத் தெரியாத இடத்தில், அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் கழிப்பது, மாணவர்கள் முதலில் சார்ட்டில் செய்த காரியத்துக்கு மிகத் தொலைவில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எண்ணெய் இழை

அடுத்த கேள்வி, எதை இழையாக வைப்பது. சில நாடுகளில் பள்ளிகளில் அடர் கந்தக அமிலத்தை இழையாக வைப்பதுண்டு. அது ஆவியாவதில்லை என்பதோடு, சிறைப்பட்ட காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அறிவியல் நோக்கில் இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை. ஆனால் அமிலம் உள்ள குழாயை வெந்நீர் ஜாடியில் இறக்கும் வேலையை, அதுவும் பார்வையாளர்கள் நெருக்கும் கண்காட்சி மேசையில், மாணவர் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை. இந்த முடிவை இன்றும் மாற்றமாட்டேன்.

தேங்காய் எண்ணெய் எளிதில் கிடைக்கும்; ஆனால் 24, 25 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால் குளிர்ந்த அளவுகளுக்கு உதவாது. மருந்துக் கடையில் வாங்கிய திரவ பாரபினை முயன்றோம். அது ஆவியாகவில்லை, ஆனால் பாகுபோல் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் சுவரில் படலமாகத் தங்கி, 10 மி.மீ. இழை இரண்டு ஏற்ற இறக்கங்களில் 6 மி.மீ. ஆகிவிட்டது. கடைசியில், தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். அது மெல்லியது, நிறமற்றது, எங்கள் வெப்பநிலைகளில் சொல்லத்தக்க ஆவியழுத்தம் இல்லாதது. குழாய்க்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்ததும் இழையின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு அளவுக்கு முன்பும் பென்சிலால் குழாயை இருமுறை தட்டினால், ஒட்டி நின்ற இழை தன் இடத்துக்கு நகர்ந்தது.

எண்ணெய் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து, பனிக்கட்டி நீரிலிருந்து தொடங்கி அளந்தோம். 30 டிகிரியும் அதற்கு மேலும் புள்ளிகள் நேர்கோட்டில் நின்றன. ஆனால் 15, 5 டிகிரிப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தன. 5 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. குறைவு. உள்ளே அடைத்த காற்றே கடலோரக் காற்று என்பதை மறந்திருந்தோம். அடைமழைக் காலத்தில் எங்கள் ஆய்வகக் காற்றில் இருக்கும் ஈரம், 30 டிகிரியில் ஆவியாகவே இருந்து காற்றோடு சேர்ந்து விரியும்; தொல்லை தராது. 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதில் பெரும்பகுதி நீராக மாறி, தான் பிடித்திருந்த இடத்தைக் காலி செய்துவிடும். சூட்டில் கூடுதலாகக் காட்டிய அதே நீர், குளிரில் குறைவாகக் காட்டியது.

எனவே புதிய குழாய்கள் மூன்றை மூடி, சூடாக்கி, திறந்த முனை உள்ளே இருக்குமாறு ஈரத்தை உறிஞ்சும் நீரற்ற கால்சியம் குளோரைடு போட்ட உயரமான புட்டிக்குள் ஒரு முழு இரவு வைத்தோம். காலையில் புட்டியைத் திறந்த கையோடு குழாயின் முனையை எண்ணெயில் தோய்த்து இழையை ஏற்றினோம்.

இறுதி அளவீடு

மூன்றில் ஒரு குழாயில் இழை இரண்டாக உடைந்தது. ஒன்று ஜாடியில் இறக்கும்போது நொறுங்கியது. மிஞ்சிய ஒன்றில் கிடைத்த நீளங்கள்: 5 டிகிரியில் 108 மி.மீ., 15-இல் 112, 30-இல் 117.5, 45-இல் 123.5, 60-இல் 129, 70-இல் 132.5. ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஐந்து நிமிடம் விட்டு இரண்டாம் முறை பார்த்தோம், இழை நகரவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட நிறைவு தந்தது இந்த நகராமைதான்.

சாய்வு டிகிரிக்கு 0.378 மி.மீ.; கோடு −281 டிகிரியில் அச்சைத் தொட்டது. இழையின் விளிம்பைப் படிப்பதில் அரை மி.மீ. இங்கும் அங்கும் தவறியிருக்கலாம் என்று கொண்டு, மிகச் செங்குத்தான கோட்டையும் மிகச் சாய்ந்த கோட்டையும் வரையச் சொன்னேன். ஒன்று −268-இலும் மற்றது −294-இலும் முடிந்தது. −273 இடையில் அடங்குகிறது. 5 முதல் 70 வரை 65 டிகிரி அகலத்தில் எடுத்த புள்ளிகளைக் கொண்டு, அதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான தொலைவுக்குக் கோட்டை நீட்டுகிறோம், அரை மி.மீ. அங்கே போய்ச் சேரும்போது பத்துப் பதினைந்து டிகிரி ஆகிவிடுகிறது.

−281 ஏன் −273-ஐத் தாண்டிச் சென்றது என்பதற்கு, குழாயின் மூடிய முனையை உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒரு காரணம் தெரிந்தது. சுடரில் உருகிய முனை தட்டையாக இல்லை. உட்புறம் கூம்பாகக் குவிந்து, கடைசி இரண்டு மி.மீ. பெரும்பாலும் கண்ணாடியாகவே இருந்தது. நாங்கள் வெளி முனையிலிருந்து அளந்ததால், காற்றே இல்லாத நீளத்தையும் காற்றுக் கணக்கில் சேர்த்திருந்தோம். ஒரு மி.மீ. கூடுதல் 2.6 டிகிரிப் பிழை. இரண்டைக் கழித்தால் −276. இதைச் சார்ட்டில் சேர்க்கலாமா என்று மாணவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. −273-க்கு அருகே கொண்டுபோகிறது என்பதற்காகத்தான் அந்த முனையையே பார்த்தோம், விடை −265 என்று வந்திருந்தால் பார்த்திருப்போமா என்று மறுப்பு வந்தது. எனக்கும் பதில் இல்லை. இறுதியில் −281 என்பதை முடிவாகவும், கூம்பு முனையைத் தனிக் குறிப்பாகவும் எழுதினார்கள்.

கண்காட்சியில்

சார்ட்டில் இரண்டு கோடுகள் இருந்தன: நீர் இழை தந்த வளைகோடு சிவப்பில், எண்ணெய் இழை தந்த நேர்கோடு நீலத்தில். மேசையில் இரண்டு குழாய்களும் ஒரே ஜாடியில் நின்றன. வெந்நீர் ஊற்றியதும் சிவப்பு இழை விறுவிறுவென ஏற, எண்ணெய் இழை நிதானமாக ஏறியது. பார்க்க வந்த சிறு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சிவப்பு 'ஜெயித்ததாக'க் கைதட்டினார்கள். அளவுகோலில் இருந்த பழைய மார்க்கர் புள்ளிகளை அழிக்காமலே வைத்திருந்தோம். நடுவர்களில் ஒருவர் சார்ட்டைப் பார்த்து, "−273 வரலையா?" என்று கேட்டு நகர்ந்தார். மற்றொருவர் கால் மணி நேரம் நின்று, 0.03 மி.மீ. கணக்கைத் தன் கைபேசியில் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் போனார். பரிசு, எரிமலை செய்தவர்களுக்குப் போயிற்று.

மாற்ற வேண்டியவை

மறுமுறை செய்தால், முதலாவதாக, ஒரு கருவியில் ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, பழைய பொருள் என்னென்ன வேலை செய்தது என்பதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகே மாற்றுவேன். பாதரசம் காற்றை அடைத்து வைத்ததோடு, சொல்லத்தக்க அளவு ஆவியாகாமலும் சுவரை நனைக்காமலும் இருந்தது. நீர் முதல் வேலையை மட்டும் செய்தது.

இரண்டாவதாக, அளவெடுக்கும்போதே வரைபடமும் வரையச் சொல்வேன். 50 டிகிரியில் மூன்றாவது புள்ளி விழுந்தபோதே வளைவு தெரிந்திருக்கும். இரவு வீட்டில் தனியாக உட்கார்ந்து எண்களைத் 'திருத்தும்' தேவை வந்திருக்காது. ரெக்கார்டு நோட்டோடு பென்சில் குறிப்புள்ள முதல் தாளையும் இணைத்துத் தரச் சொல்லும் வழக்கத்தை டைட்ரேஷனுக்கும் இப்போது கொண்டுவந்திருக்கிறேன். அடித்தல் திருத்தலோடு வரும் அந்தத் தாள்கள் படிக்கச் சிரமமானவைதான்.

குழாயின் முனையை உருக்குவதற்குப் பதிலாக, சிறு அளவு பிசினால் தட்டையாக அடைத்துப் பார்க்க உதவியாளர் யோசனை சொல்லியிருக்கிறார். 70 டிகிரியில் பிசின் தாங்குமா என்று வெறும் குழாயில் முதலில் பார்க்க வேண்டும். 760 என்று ஊகித்துக்கொண்ட வளிமண்டல அழுத்தம் எண்ணெய்க் குழாய்க்குத் தேவைப்படாது. சோதனை நடக்கும் ஒரு மணி நேரத்தில் அது மாறாமல் இருந்தால் போதும்.

நீர் இழைக் குழாயை எறிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டுக் குழுவிடம் இரண்டு குழாய்களையும் கொடுத்து, எண்ணெய் இழைக்கும் சிவப்புச் சாயம் ஏற்றி, எது எது என்று சொல்லாமல் அளக்கவிட எண்ணியிருக்கிறேன். எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் ஒன்றை உதவியாளர் தேடிக்கொண்டிருக்கிறார்.